பழைய லேப்டாப்ல மீடியா சர்வர்: சாம்பால ஃபைல் தெரியுது, ஜெல்லிஃபினுக்கு மட்டும் டிஸ்க் காலியா தெரியுது

பழைய_லேப்டாப்

வணக்கம் மக்களே. வீட்ல சும்மா கிடந்த லேப்டாப்ல உபுண்டு 24.04 டெஸ்க்டாப் போட்டு மீடியா சர்வர் ஆக்கலாம்னு இறங்கியிருக்கேன். ஐ5, இன்டெல் 6-வது ஜெனரேஷன், 8 ஜிபி ராம். 4 டிபி யுஎஸ்பி ஹார்ட் டிஸ்க் ஒன்னு மாட்டியிருக்கேன், அதுல படம், பாட்டு, குழந்தைங்க சின்ன வயசுல எடுத்த வீடியோ எல்லாம் இருக்கு, விண்டோஸ்ல வச்சிருந்த டிஸ்க் அதனால விண்டோஸோட என்டிஎஃப்எஸ் ஃபார்மட். சாம்பா (லினக்ஸ் ஃபோல்டரை நெட்வொர்க் வழியா விண்டோஸுக்கு காட்டுற மென்பொருள்) போட்டு ஷேர் பண்ணேன், விண்டோஸ் கம்ப்யூட்டர்ல எல்லாம் அழகா தெரியுது. படம், பாட்டை டிவிக்கு அனுப்புற ஜெல்லிஃபின் தான் படுத்துது. லைப்ரரி சேர்க்கிற இடத்துல /மீடியா வரைக்கும் வருது, அதுக்குள்ள என் யூசர் பேர்ல ஒரு ஃபோல்டர் தெரியுது, அதைத் தொறந்தா காலி. பாத்தை கையால டைப் பண்ணா அப்படி ஒரு பாத்தே இல்லைங்குது. டிஸ்க் ஃபோல்டருக்கு 777 (எல்லாருக்கும் முழு அனுமதி) குடுத்துப் பாத்தாச்சு, ஒரு மாற்றமும் இல்ல. சாம்பாவுக்கு தெரியுற ஃபைல் இதுக்கு ஏன் தெரியல?

பென்குயின்

நல்லா விவரமா எழுதியிருக்கீங்க, பாதி பதில் உங்க கேள்வியிலயே இருக்கு.

சாம்பாவும் ஜெல்லிஃபினும் ஒரே ஆளா அந்த டிஸ்க்கைத் தொடல. விண்டோஸ்ல இருந்து நீங்க பேரும் பாஸ்வேர்டும் குடுத்து உள்ள வந்ததும் சாம்பா உங்க யூசரா மாறி ஃபைலைத் திறக்குது. ஜெல்லிஃபின் அப்படி இல்ல, அது இன்ஸ்டால் ஆகும்போதே "ஜெல்லிஃபின்"னு தனி யூசர் உண்டாக்கிக்கிட்டு எப்பவும் அந்தப் பேர்லயே ஓடும். இப்ப டிஸ்க் எங்க மவுன்ட் ஆகியிருக்கு, அதாவது எந்த ஃபோல்டரா தெரியுதுன்னு பாருங்க. டெஸ்க்டாப்ல யுஎஸ்பி மாட்டினா அதுவா /மீடியா/உங்கபேரு/டிஸ்க்பேருன்னு மவுன்ட் ஆகும், அதுல நடுவுல இருக்குற "உங்கபேரு" ஃபோல்டர் ரூட்டுக்கு (சிஸ்டம் அட்மின் யூசர்) சொந்தம், ஏசிஎல்ங்கிற தனி அனுமதிப் பட்டியல் மூலமா உங்க ஒருத்தருக்கு மட்டும் உள்ள போக அனுமதி குடுத்திருக்கும். நீங்க 777 குடுத்தது கடைசி ஃபோல்டருக்கு. வீட்டுக் கதவைத் திறந்து போட்டுட்டு தெரு கேட்டைப் பூட்டி வச்சா யாரு உள்ள வர முடியும்.

சந்தேகமா இருந்தா டெர்மினல்ல நேம்ஐ கமாண்டை மைனஸ் எல் போட்டு முழு பாத்தையும் குடுங்க. பாத்ல இருக்குற ஒவ்வொரு ஃபோல்டருக்கும் ஒரு வரி வரும், ஓனர், குரூப், பர்மிஷன் எல்லாம் அதுலயே இருக்கும். எந்த வரியில மத்தவங்களுக்கான கடைசி மூனு இடமும் வெறும் கோடா இருக்கோ அங்க தான் ஜெல்லிஃபின் நிக்குது. சூடோ மைனஸ் யு ஜெல்லிஃபின்னு போட்டு எல்எஸ் குடுத்தா அது கண்ணுக்கு என்ன தெரியுதோ அதையே நீங்களும் பாக்கலாம், இந்த ஒரு கமாண்ட் தெரிஞ்சிருந்தா பாதி மீடியா சர்வர் பிரச்சனைய நீங்களே கண்டுபிடிச்சிடுவீங்க.

ஹோம் ஃபோல்டருக்குள்ள படத்தை வச்சாலும் இதே கதை தான், உபுண்டு 21.04-ல இருந்து ஹோம் ஃபோல்டர் பர்மிஷனை 750 (மத்தவங்க உள்ள வர முடியாது) ஆக்கிட்டாங்க, அதுக்கு முன்னாடி 755 (மத்தவங்களும் படிக்கலாம்). பழைய வழிகாட்டிய பாத்து செய்றவங்க அங்க தான் மாட்டிக்கிறாங்க.

சரியான வழி என்னன்னா ஆட்டோமேட்டிக் மவுன்ட்டை நம்பாதீங்க. /எஸ்ஆர்வி/மீடியான்னு ஒரு ஃபோல்டர் உண்டாக்குங்க, சர்வர் வெளிய குடுக்குற டேட்டாவுக்குன்னே ஒதுக்கின இடம் அது. பிஎல்கேஐடி கமாண்ட்ல டிஸ்க்கோட யுயுஐடி (அதோட தனி அடையாள எண்) எடுத்து, எந்த டிஸ்க் எங்க மவுன்ட் ஆகணும்னு சொல்ற எஃப்எஸ்டேப் ஃபைல்ல ஒரு வரி எழுதுங்க. எஸ்டிபி1 எஸ்டிசி1னு எழுதாதீங்க, அடுத்த தடவை வேற பென்டிரைவ் மாட்டியிருந்தா அந்தப் பேரு மாறிடும், யுயுஐடி மாறாது. ஆப்ஷன்ல நோஃபெயில் கண்டிப்பா சேருங்க, இல்லைன்னா டிஸ்க் கழட்டியிருக்கிற நேரத்துல ரீபூட் பண்ணா சிஸ்டம் எமர்ஜென்சி மோட்ல போய் நின்னுடும்.

பழைய_லேப்டாப்

அண்ணா நேம்ஐ போட்டதும் பளிச்சுன்னு தெரிஞ்சிடுச்சு, நீங்க சொன்ன அதே வரி. ரொம்ப நன்றி. இன்னொரு சந்தேகம், டிஸ்க் என்டிஎஃப்எஸ்லயே இருக்கலாமா, இல்ல ஃபார்மட் பண்ணித்தான் ஆகணுமா? முழுசா ஃபைல் இருக்கு, எடுத்து வைக்க வேற இடம் இல்ல.

பென்குயின்

இருக்கலாம், ஓடும். கர்னல் (லினக்ஸோட மையப் பகுதி) 5.15-ல, அதாவது 2021-ல, என்டிஎஃப்எஸ்3 டிரைவர் உள்ளேயே வந்துடுச்சு. ஆனா என்டிஎஃப்எஸ்ல நீங்க சிஎச்மாட் போட்டு பர்மிஷன் ஒட்டும்னு எதிர்பாக்காதீங்க, மவுன்ட் பண்ற வரியில யுஐடி (யூசர் எண்), ஜிஐடி (குரூப் எண்), யுமாஸ்க் (எந்த அனுமதியை எடுக்கணும்னு) என்ன குடுக்குறீங்களோ அது தான் மொத்த டிஸ்க்குக்கும். அப்புறம் அந்த டிஸ்க்கை மறுபடி விண்டோஸ்ல மாட்டி சரியா எஜெக்ட் பண்ணாம புடுங்கினா டர்ட்டின்னு குறிச்சு வச்சிடும், லினக்ஸ்ல மாட்டினா மவுன்ட் ஆகாது, இல்லைன்னா ரீட் ஒன்லியா வரும். விண்டோஸ்ல ஃபாஸ்ட் ஸ்டார்ட்அப் ஆன்ல இருந்தா ஷட்டவுன் பண்ணாலும் இது நடக்கும். அப்ப விண்டோஸ்லயே செக்டிஸ்க் ஓட்டி சரி பண்றது தான் நல்லது.

எப்பவும் லினக்ஸ் மெஷின்லயே இருக்கப்போற டிஸ்க்னா லினக்ஸோட சொந்த ஃபார்மட் எக்ஸ்ட்4 தான் என் சாய்ஸ்.

நீலக்குறிஞ்சி

நடுவுல வர்றேன் மன்னிக்கணும், ஆனா யாரும் கேக்கல அதனால கேக்குறேன். குழந்தைங்க வீடியோ அந்த டிஸ்க்ல இருக்குன்னு சொன்னீங்க. அதோட இன்னொரு காப்பி எங்க இருக்கு?

பழைய_லேப்டாப்

இல்லைங்க. அந்த டிஸ்க்ல மட்டும் தான்.

நீலக்குறிஞ்சி

அப்ப தயவு செஞ்சு இந்த வேலை எல்லாத்தையும் அப்படியே நிறுத்துங்க. படம் போனா திரும்ப கிடைக்கும், அந்த வீடியோ போனா உலகத்துல வேற எங்கயும் கிடையாது. இருபத்தி நாலு மணி நேரமும் ஓடப்போற சர்வர்ல ஒரே ஒரு காப்பியோட அந்த டிஸ்க்கை மாட்டாதீங்க. முதல்ல ஸ்மார்ட்சிடிஎல் போட்டு டிஸ்க் ஆரோக்கியம் பாருங்க, அதுல 5, 197, 198 இந்த மூனு நம்பர் வரியோட கடைசியில இருக்குற ரா வேல்யூ பூஜ்யமா இருக்கணும். 5 வந்து கெட்டுப்போய் மாத்தி வச்ச செக்டர், 197 படிக்க முடியாம காத்துக்கிட்டிருக்கிற செக்டர், 198 படிக்கவே முடியலன்னு முடிவானது. 197-ல ஒன்னு ரெண்டு வந்தாலே காப்பி எடுக்குறத தள்ளிப்போடக் கூடாது.

இன்னொரு டிஸ்க் வாங்குங்க. புதுசை எக்ஸ்ட்4 ஆக்கி சர்வர்ல வைங்க, பழசை கழட்டி அலமாரியில வைங்க, அது தான் உங்க பேக்கப். ஃபார்மட் பண்ற கேள்வியும் தானா தீர்ந்துடும்.

ரெய்டு_ராஜா

ரெண்டு டிஸ்க் வாங்கி எம்டிஏடிஎம் கமாண்ட்ல ரெய்டு 1 போட்டுட்டா பேக்கப் தொல்லையே இல்லையே, ரெண்டுலயும் ஒரே டேட்டா இருக்கும், ஒன்னு போனாலும் இன்னொன்னு ஓடும்.

நீலக்குறிஞ்சி

> ரெய்டு 1 போட்டுட்டா பேக்கப் தொல்லையே இல்லையே

இல்ல ப்ரோ, இதை நான் விடமாட்டேன். ரெய்டு 1 டிஸ்க் செத்துப்போறதுக்கு மட்டும் தான் காப்பு. யாராவது சாம்பா ஷேர்ல தெரியாம ஒரு ஃபோல்டரை டிலீட் பண்ணா அந்த நொடியே ரெண்டு டிஸ்க்லயும் போயிடும், விண்டோஸ் கம்ப்யூட்டர்ல ரேன்சம்வேர் வந்தா நெட்வொர்க் ஷேர்ல இருக்குறதையும் சேர்த்து என்க்ரிப்ட் பண்ணும், அதையும் ரெய்டு ரெண்டு இடத்துலயும் விசுவாசமா எழுதி வைக்கும். யுஎஸ்பில மாட்டின டிஸ்க்ல ரெய்டு வேற, ஒரு கேபிள் லூஸ் ஆனாலே அரே, அதாவது அந்த டிஸ்க் ஜோடி, பிரிஞ்சிடும். கரண்ட் இல்லாம தனியா கிடக்குற டிஸ்க்கை எந்த வைரஸும் தொட முடியாது.

நிறைய டிஸ்க் வச்சிருக்கிறவங்க, எப்பவாவது மட்டும் மாறுற படம் பாட்டுக்கு, மெர்ஜர்எஃப்எஸ்ஸோட (பல டிஸ்க்கை ஒன்னா காட்டும்) ஸ்னாப்ரெய்டு பாக்கலாம். அதுல பாரிட்டி (போனதை மீட்க உதவுற கூடுதல் டேட்டா) நீங்க சிங்க் ஓட்டுறப்ப தான் அப்டேட் ஆகும், அதனால டிலீட் ஆனது தெரிஞ்சா அடுத்த சிங்க்குக்கு முன்னாடி மீட்டுக்கலாம். ஒரு டிஸ்க் இருக்குற வீட்டுக்கு இதெல்லாம் வேண்டாம்.

ரெய்டு_ராஜா

டிலீட் விஷயம் ஒத்துக்குறேன் அக்கா. சர்வர் நிக்காம ஓடணும்னா மட்டும் ரெய்டு, சரி.

பழைய_லேப்டாப்

அக்கா சொன்னபடியே புது டிஸ்க் வாங்கிட்டேன், பழசுல ஸ்மார்ட் பாத்தேன் மூனும் பூஜ்யம், நிம்மதி. புதுசை எக்ஸ்ட்4 ஆக்கி /எஸ்ஆர்வி/மீடியால மவுன்ட் பண்ணி ஆர்சிங்க் கமாண்ட்ல காப்பி ஓடிட்டிருக்கு. ஆனா சில ஃபைல் மட்டும் காப்பி ஆகாம "ஃபைல் நேம் டூ லாங்"னு எரர் 36 வருது. எல்லாம் தமிழ்ல பேர் வச்ச வீடியோ. விண்டோஸ்ல இத்தனை வருஷமா அதே பேர்ல தானே இருந்துச்சு?

யுனிகோடன்

இதுக்கு நான் பதில் சொல்றேன், எனக்கு ரொம்ப பிடிச்ச இடம் இது.

என்டிஎஃப்எஸ்ல ஒரு பேர்ல 255 குறி வரைக்கும் போகலாம், யுடிஎஃப்-16ங்கிற எழுத்துக் குறியீட்டுக் கணக்கு, தமிழ்க் குறி ஒவ்வொன்னும் அதுல ஒன்னா தான் எண்ணப்படும். எக்ஸ்ட்4-ல எல்லை 255 பைட். லினக்ஸ்ல பேர் எழுதுற யுடிஎஃப்-8-ல இங்கிலீஷ் எழுத்துக்கு ஒரு பைட், தமிழ்க் குறி ஒவ்வொன்னுக்கும் மூனு பைட். அதனால உங்களுக்கு கிடைக்கிறது 85 குறி. அதுவும் நம்ம கண்ணுக்குத் தெரியுற எழுத்து இல்ல, "கொண்டாட்டம்"னு எழுதினா பாக்க ஆறு எழுத்து, உள்ள புள்ளி, கால், கொம்பு எல்லாம் தனித்தனி குறி, மொத்தம் 11, அப்ப 33 பைட். நடைமுறையில நாப்பது சொச்சம் எழுத்து தாண்டினாலே எக்ஸ்ட்4 மறுத்துடும். "பாட்டி வீட்டு மாடியில எல்லாரும் சேர்ந்து"ன்னு ஆரம்பிச்சு இதைவிட ரெண்டரை மடங்கு நீளத்துக்கு பேர் வச்சா கண்டிப்பா மாட்டும்.

எர்ரர் வந்த ஃபைலை மட்டும் பேரைச் சுருக்கிட்டு ஆர்சிங்க்கை மறுபடி ஓட்டுங்க, ஏற்கனவே வந்தத திரும்ப காப்பி பண்ணாது. விவரத்தை ஃபோல்டர் பேர்ல போடுங்க, பாத்ல ஒவ்வொரு ஃபோல்டருக்கும் தனியா 255 பைட் உண்டு. ஆண்டு, மாசம்னு ஃபோல்டர், அதுக்குள்ள நிகழ்ச்சி பேர்ல இன்னொரு ஃபோல்டர், ஃபைல் பேரு சின்னதா.

பழைய_லேப்டாப்

அட, இது யாரும் சொல்லித் தந்திருக்க மாட்டாங்க. ரீநேம் பண்ணி எல்லாம் வந்துடுச்சு. இப்ப குரூப், பர்மிஷன் எப்படி வைக்கணும்? நானும் என் மனைவியும் சாம்பா மூலமா எழுதணும், ஜெல்லிஃபின் படிச்சா போதும்.

பென்குயின்

"மீடியா"ன்னு ஒரு குரூப் உண்டாக்குங்க. உங்களையும் மனைவியையும் ஜெல்லிஃபினையும் அதுல சேருங்க. /எஸ்ஆர்வி/மீடியாவை முழுசா அந்த குரூப்புக்கு மாத்துங்க, ஃபோல்டருக்கெல்லாம் 2775, ஃபைலுக்கெல்லாம் 664 (ஓனரும் குரூப்பும் எழுதலாம், மத்தவங்க படிக்கலாம்). மொத்தத்துக்கும் ஒரே நம்பர் ரிகர்சிவ்வா போடாதீங்க, ஃபைண்ட் கமாண்ட்ல டைப் டி, டைப் எஃப்னு பிரிச்சு போடுங்க. முன்னாடி இருக்குற அந்த 2 தான் உயிர்நாடி, அது செட்ஜிஐடி, அந்த ஃபோல்டருக்குள்ள யார் புதுசா என்ன உண்டாக்கினாலும் அவங்க சொந்த குரூப் இல்லாம "மீடியா" குரூப்லயே பிறக்கும். அது இல்லைன்னா இன்னைக்கு எல்லாம் சரியா இருக்கும், மனைவி ஒரு ஃபோல்டர் போட்டா அதுல நீங்க எழுத முடியாது, ஏன்னு தெரியாம மண்டைய உடைச்சுக்குவீங்க.

சாம்பா கான்ஃபிக்ல உங்க ஷேருக்குக் கீழ பாத், ரீட் ஒன்லி நோ, வேலிட் யூசர்ஸ்ல அட் குறி போட்டு மீடியா குரூப், ஃபோர்ஸ் குரூப் மீடியா, க்ரியேட் மாஸ்க் 0664, டைரக்டரி மாஸ்க் 2775. இவ்வளவு போதும். இருபது வரி ட்யூனிங் ஆப்ஷன் எங்கயாவது பாத்தா ஒட்டாதீங்க, சாக்கெட் ஆப்ஷன்ஸ்னு ஒன்னு எல்லா இடத்துலயும் சுத்துது, இப்ப இருக்குற கர்னல் அதைவிட நல்லா தானே பாத்துக்கும். டெஸ்ட்பார்ம் ஓட்டி எழுத்துப்பிழை பாத்துட்டு சர்வீஸை ரீஸ்டார்ட் பண்ணுங்க.

சாம்பா பாஸ்வேர்டு தனி, லினக்ஸ் பாஸ்வேர்டு தனி. லினக்ஸ்ல யூசர் இருந்தா மட்டும் பத்தாது, எஸ்எம்பிபாஸ்வேர்டு கமாண்ட்ல மைனஸ் ஏ போட்டு ஒவ்வொருத்தரையும் சேர்க்கணும்.

குரூப்ல சேர்த்ததுக்கு அப்புறம் ஜெல்லிஃபின் சர்வீஸை ரீஸ்டார்ட் பண்ணணும், ஓடிக்கிட்டிருக்கிற ப்ராசஸுக்கு புது குரூப் தெரியாது.

புதுவரவு

நானும் இதே மாதிரி செட் பண்றேன். பாஸ்வேர்டே வேண்டாம்னு கெஸ்ட் ஓகே போட்டேன், பழைய லேப்டாப்ல தொறக்குது, புது விண்டோஸ் 11-ல தொறக்கவே மாட்டேங்குது.

பென்குயின்

விண்டோஸ் 11 24எச்2-ல இருந்து எஸ்எம்பி (சாம்பாவும் விண்டோஸும் பேசிக்கிற முறை) சைனிங், அதாவது ஒவ்வொரு செய்தியிலயும் கையெழுத்து, கட்டாயம் ஆக்கிட்டாங்க, கெஸ்ட்டா வர்றவங்களுக்கு பாஸ்வேர்டு இல்லாததால சைன் பண்ண சாவியே கிடையாது, அதனால மறுக்குது. ரெஜிஸ்ட்ரில போய் அதை ஆஃப் பண்ண வழி இருக்கு, வேண்டாம். ஒரு யூசர் உண்டாக்கி பாஸ்வேர்டு வைங்க, விண்டோஸ் ஒரு தடவை கேட்டு ஞாபகம் வச்சுக்கும். பழைய மீடியா ப்ளேயர்காக அதோட பழைய வெர்ஷன் எஸ்எம்பி1-ஐ திரும்ப ஆன் பண்ணச் சொல்றவங்க பேச்சையும் கேக்காதீங்க. 2017 மே மாசம் வான்னாக்ரை ரேன்சம்வேர் பரவினது அந்த எஸ்எம்பி1 ஓட்டை வழியா தான். சாம்பாவே 4.11-ல, 2019-ல, அதை டிஃபால்ட்டா ஆஃப் பண்ணிடுச்சு.

என்எஃப்எஸ்_விரும்பி

எல்லாரும் சாம்பாவையே கட்டிக்கிட்டு அழறீங்க, லினக்ஸுக்கு லினக்ஸ் ஃபோல்டர் ஷேர் பண்ணணும்னா என்எஃப்எஸ் தான் இயல்பு. எக்ஸ்போர்ட்ஸ் ஃபைல்ல ஒரே வரி, எக்ஸ்போர்ட்எஃப்எஸ் மைனஸ் ஆர்ஏ, முடிஞ்சது. கோடி ப்ளேயர்லயும் ஓடும், விஎல்சிலயும் ஓடும். சின்னச் சின்ன ஃபைல் ஆயிரக்கணக்குல இருக்குற போட்டோ ஃபோல்டர் லிஸ்ட் ஆகுறதுல வித்தியாசம் நல்லாவே தெரியும்.

பென்குயின்

எனக்கும் என்எஃப்எஸ் பிடிக்கும், 1984-ல சன் மைக்ரோசிஸ்டம்ஸ்ல பிறந்தது இன்னும் உயிரோட இருக்குன்னா சும்மா இல்ல. ஆனா இவர் வீட்ல விண்டோஸ் இருக்கு. அதைவிட முக்கியம், சாதாரணமா செட் பண்ற என்எஃப்எஸ்ல பாஸ்வேர்டு கிடையாது, எந்த ஐபில இருந்து வருதுன்னு பாக்கும், அப்புறம் அந்தப் பக்கத்து மெஷின் "நான் யுஐடி 1000"னு சொன்னா அப்படியே நம்பும். இந்த மெஷின்ல 1000 நீங்க, அந்த மெஷின்ல 1000 வேற ஆள், ஃபைல் ஓனர் எல்லாம் குழம்பிடும். ரெண்டு மூனு லினக்ஸ் மெஷின் வச்சு யுஐடி எல்லாத்துலயும் ஒன்னா பாத்துக்கத் தெரிஞ்சவங்களுக்கு நல்லது.

என்எஃப்எஸ்_விரும்பி

யுஐடி விஷயம் நிஜம் தான். ஆல்ஸ்குவாஷ் போட்டு அனான்யுஐடி, அனான்ஜிஐடி குடுத்தா எல்லாரும் ஒரே ஆளா எழுதுவாங்க, வீட்டுக்கு அது போதும்னு நான் நினைக்கிறேன். நோ ரூட் ஸ்குவாஷ் (அந்தப் பக்க ரூட்டுக்கு இங்கயும் ரூட் அதிகாரம்) மட்டும் யாரும் போடாதீங்க. அதே ஃபோல்டரை சாம்பா, என்எஃப்எஸ் ரெண்டுலயும் குடுக்கவும் செய்யலாம், படிக்க மட்டும்னா ஒரு தொந்தரவும் இல்ல.

பழைய_லேப்டாப்

சாம்பாவே வச்சுக்கிட்டேன், ரெண்டு பேரும் எழுத முடியுது, ஜெல்லிஃபின் எல்லாத்தையும் காட்டுது. சந்தோஷம். ஆனா விண்டோஸ்ல இருந்து காப்பி பண்ணா செகண்டுக்கு 11 எம்பி தாண்டவே மாட்டேங்குது. ரூட்டரும் கிகாபிட், லேப்டாப்பும் கிகாபிட்.

கம்பிவழி

11 எம்பின்னு நீங்க சொன்னதுமே பதில் தெரிஞ்சிடுச்சு. 100 எம்பிபிஎஸ் லிங்க்ல, 8 பிட் ஒரு பைட்டுங்கிறதால 8-ஆல வகுத்தா 12.5, மேல்செலவு போக 11 சொச்சம். இது சாம்பா பிரச்சனையே இல்ல, எங்கயோ லிங்க் 100-ல இறங்கியிருக்கு. ஈத்டூல் கமாண்ட்ல உங்க நெட்வொர்க் கார்டு பேரைக் குடுங்க, ஸ்பீடுன்னு ஒரு வரி வரும், 1000 இருக்கணும்.

அங்க 100னு வந்தா கேபிளைப் பாருங்க. கேபிளுக்குள்ள நாலு ஜோடி கம்பி இருக்கும், 100 எம்பிபிஎஸ்ஸுக்கு ரெண்டு ஜோடி போதும், கிகாபிட்டுக்கு நாலும் வேணும். மீதி ரெண்டு ஜோடியில ஒரு கம்பி உடைஞ்சிருந்தாலோ கனெக்டர்ல சரியா அழுந்தலைன்னாலோ லிங்க் சத்தமில்லாம 100-க்கு இறங்கிடும், நெட் ஓடும், லைட் எரியும், யாருக்கும் சந்தேகம் வராது. கனெக்டரை வெளிச்சத்துல வச்சு முன்னாடி இருந்து பாத்தா எட்டு செப்பு முனையும் ஒரே மட்டத்துல தெரியணும், ஒன்னு உள்வாங்கி இருந்தா அது தான் குத்தவாளி. கேட் 5ஈ கேபிளே 100 மீட்டர் வரைக்கும் கிகாபிட் தாங்கும், விலை ஜாஸ்தியானது தேவையில்ல.

கேபிள் மாத்தியும் சந்தேகம் இருந்தா ரெண்டு பக்கமும் ஐபெர்ஃப்3 ஓட்டுங்க. டிஸ்க்கைத் தொடாம நெட்வொர்க்கை மட்டும் அளக்கும். அதுல 940 எம்பிபிஎஸ் பக்கத்துல வந்துட்டு காப்பி மட்டும் மெதுவா இருந்தா டிஸ்க் பக்கம் தேடுங்க, அதுலயே 94 வந்தா கம்பி பக்கம் தேடுங்க.

பழைய_லேப்டாப்

கேபிளே தான் அண்ணா! ஒரு முனை உள்ள போயிருந்துச்சு, மாத்தினதும் 110 எம்பி வருது. 50 ஜிபி ஃபோல்டர் ஒரு மணி நேரத்துக்கு மேல எடுத்தது இப்ப எட்டு நிமிஷத்துக்குள்ள முடியுது.

இப்ப அடுத்தது. 1080பி படம் எல்லாம் டிவில அருமையா ஓடுது. 4கே படம் போட்டா லேப்டாப் ஃபேன் கத்துது, சிபியு நூறு பர்சென்ட், படம் நின்னு நின்னு ஓடுது. ப்ரவுசர்ல பாத்தாலும் அதே.

கம்பிவழி

நெட்வொர்க் பக்கம் ஒன்னு மட்டும், டிவில கேபிள் மாட்டியிருந்தா கவனிங்க, நிறைய டிவில ஈத்தர்நெட் போர்ட்டே 100 எம்பிபிஎஸ் தான். 4கே டிஸ்க்ல இருந்து அப்படியே எடுத்த ஃபைல் சில காட்சியில 100-ஐத் தாண்டும். அந்த மாதிரி டிவிக்கு 5 கிகாஹெர்ட்ஸ் வைஃபை கேபிளைவிட வேகமா இருக்கும்.

பென்குயின்

சிபியு நூறு போறதுனா ட்ரான்ஸ்கோட் நடக்குது, அதாவது வீடியோவை வேற ஃபார்மட்டுக்கு மாத்தி அனுப்புது. படம் ஓடும்போதே ஜெல்லிஃபின் டாஷ்போர்டைத் தொறங்க, அந்த செஷன்ல ஏன் ட்ரான்ஸ்கோட் பண்றேன்னு காரணத்தையே எழுதியிருக்கும். வீடியோ கோடெக் (வீடியோவைச் சுருக்குற முறை) சப்போர்ட் இல்லைன்னா ஒரு மாதிரி, ஆடியோன்னா ஒரு மாதிரி, சப்டைட்டில்னா ஒரு மாதிரி.

உங்க 6-வது ஜெனரேஷன்ல க்விக்சிங்க் (இன்டெல் சிப்ல இருக்குற வீடியோ ஹார்ட்வேர்) எச்.264, 8 பிட் எச்இவிசி கோடெக் வரைக்கும் நல்லா பாத்துக்கும். 4கே எச்டிஆர் படம் 10 பிட் எச்இவிசி, அதுக்கு முழு ஹார்ட்வேர் சப்போர்ட் 7-வது ஜெனரேஷன்ல தான் வந்துச்சு. அதனால உங்க லேப்டாப்ல அந்தப் படத்தை ட்ரான்ஸ்கோட் பண்ணணும்னு நினைக்கவே வேண்டாம், ஃபைலை அப்படியே அனுப்பி டிவியே டீகோட் பண்ற மாதிரி செய்யணும். டிவில ப்ரவுசர் வேண்டாம், ஜெல்லிஃபின் ஆப் அல்லது கோடி போடுங்க. ஆப் செட்டிங்க்ல பிட்ரேட் லிமிட் ஆட்டோன்னு இருந்தா மேக்சிமம் ஆக்குங்க. டைரக்ட் ப்ளேனு வந்துட்டா லேப்டாப்புக்கு ஃபைலைப் படிச்சு அனுப்புற வேலை மட்டும் தான், சிபியு ரெண்டு மூனு பர்சென்ட் கூட போகாது.

1080பிக்கு ஹார்ட்வேர் வேணும்னா ஜெல்லிஃபின் யூசரை ரெண்டர் குரூப்ல சேர்த்து ரீஸ்டார்ட் பண்ணிட்டு ப்ளேபேக் செட்டிங்க்ல க்யுஎஸ்வி (க்விக்சிங்க்) போடுங்க. 10 பிட் எச்இவிசி டிக் மட்டும் உங்க சிப்ல எடுத்துடுங்க.

யுனிகோடன்

சப்டைட்டிலையும் பாருங்க. டிஸ்க்ல இருந்து எடுத்த ஃபைல்ல பிஜிஎஸ் சப்டைட்டில் இருக்கும், அது எழுத்து இல்ல படம். அதை காட்டத் தெரியாத ஆப்னா சர்வர் வீடியோ மேலயே பதிச்சு அனுப்பணும், அப்ப முழு வீடியோவும் ட்ரான்ஸ்கோட் ஆகும், கோடெக் சரியா இருந்தாலும் சரி. சப்டைட்டிலை ஆஃப் பண்ணதும் சிபியு இறங்குதுன்னா காரணம் அது தான். தனி எஸ்ஆர்டி ஃபைல் (எழுத்தாவே இருக்குற சப்டைட்டில்) வச்சா இந்தத் தொல்லை இல்ல, யுடிஎஃப்-8-ல சேவ் பண்ணி படத்தோட அதே பேர்ல, கடைசியில புள்ளி போட்டு மொழிக்குறி சேர்த்து பக்கத்துலயே வைங்க. தமிழ் எஸ்ஆர்டியை சர்வர் பதிக்க வேண்டி வந்தா சர்வர்ல தமிழ் ஃபான்ட் இருக்கணும், இல்லைன்னா வெறும் கட்டமா வரும். நோட்டோ ஃபான்ட் பேக்கேஜ் போட்டா போதும்.

பழைய_லேப்டாப்

பிஜிஎஸ் தான்! ஆஃப் பண்ணதும் டைரக்ட் ப்ளேனு வந்துடுச்சு. எஸ்ஆர்டி வச்சுட்டேன்.

லேப்டாப் மூடியை மூடினா தூங்கிடுது, அதுக்கு என்ன பண்றது? அப்புறம் வெளியூர்ல இருந்து பாக்கணும்னா ரூட்டர்ல போர்ட் திறந்துடலாமா?

ரெய்டு_ராஜா

ஜெல்லிஃபினோட 8096 போர்ட் ஃபார்வர்டு பண்ணுங்க, மொபைல் ஆப்ல பப்ளிக் ஐபி போட்டா வந்துடும். ஃபைல் வேணும்னா சாம்பாவோட 445-ம் திறந்துக்கலாம்.

கம்பிவழி

445 வேண்டவே வேண்டாம். இதைப் படிக்கிற யாரும் செய்யாதீங்க. இன்டர்நெட்ல 445 திறந்திருக்கான்னு இருபத்தி நாலு மணி நேரமும் தேடிக்கிட்டே இருக்குற மெஷின் எக்கச்சக்கம். 8096 வெறும் எச்டிடிபி, பாஸ்வேர்டு அப்படியே வெளிப்படையா போகும்.

வயர்கார்டுங்கிற விபிஎன் போடுங்க. கர்னல் 5.6-லயே, 2020-ல உள்ள வந்துடுச்சு. ஒரே ஒரு யுடிபி போர்ட், சாவி இல்லாதவங்களுக்கு அது பதிலே சொல்லாது, வெளிய இருந்து பாத்தா அங்க ஒன்னும் இல்லாத மாதிரியே இருக்கும். ரூட்டரோட வான் (வெளிப்பக்க) ஐபி 100.64-ல இருந்து 100.127-க்குள்ள ஆரம்பிச்சா நீங்க சிஜிநாட்டுக்குப் (பல வீட்டுக்கு ஒரே பப்ளிக் ஐபி) பின்னாடி இருக்கீங்க, எந்த போர்ட்டைத் திறந்தாலும் வெளிய இருந்து வந்து சேராது, அப்ப டெயில்ஸ்கேல் மாதிரி ஒன்னு போடுங்க, அதுவும் உள்ள வயர்கார்டு தான்.

பென்குயின்

மூடிக்கு லாகின்டி கான்ஃபிக்ல ஹேண்டில் லிட் ஸ்விட்ச் இக்னோர்னு போடுங்க, சிஸ்டம்சிடிஎல்ல ஸ்லீப் டார்கெட்டை மாஸ்க் பண்ணுங்க. பேட்டரி கரண்ட் போனா கை குடுக்கும், ஆனா வருஷக்கணக்கா நூறு பர்சென்ட் சார்ஜ்லயே சூட்டுல கிடந்தா உப்பும். பயாஸ்ல 80 பர்சென்ட் லிமிட் இருந்தா போடுங்க, டச்பேட் மேல தூக்கிட்டு வந்தாலோ மூடி சரியா மூடலைன்னாலோ உடனே பேட்டரியைக் கழட்டுங்க, அதுல தள்ளிப்போடாதீங்க.

எக்ஸ்ட்4 டிஸ்க்ல ரூட்டுக்குன்னு 5 பர்சென்ட் இடம் ஒதுக்கியிருக்கும், 4 டிபில அது 200 ஜிபி. சிஸ்டம் டிஸ்க்கா இல்லாததால ட்யூன்2எஃப்எஸ் மைனஸ் எம் 0 போட்டு திரும்ப வாங்கிக்கலாம்.

இன்னொன்னு, நோஃபெயில் போடச் சொன்னேன் இல்லையா, அதுக்கு ஒரு பின்விளைவு உண்டு. யுஎஸ்பி டிஸ்க் சில சமயம் பூட்ல எழுந்திருக்காது, சிஸ்டம் பாட்டுக்கு மேல வந்துடும், /எஸ்ஆர்வி/மீடியா வெறும் ஃபோல்டரா இருக்கும். அந்த நேரத்துல யாராவது காப்பி பண்ணா அது சிஸ்டம் டிஸ்க்ல போய் விழுந்து அதை நிரப்பும், டிஸ்க் வந்ததும் அந்த ஃபைல் மறைஞ்சிடும், எங்க போச்சுன்னே தெரியாது. அதனால டிஸ்க்கை அன்மவுன்ட் பண்ணிட்டு அந்த காலி ஃபோல்டருக்கு சிஎச்ஏடிடிஆர் ப்ளஸ் ஐ போடுங்க, அப்புறம் மவுன்ட் பண்ணுங்க. டிஸ்க் இல்லாத நேரத்துல ரூட்டால கூட அதுக்குள்ள எழுத முடியாது. ஜெல்லிஃபின், சாம்பா ரெண்டு சர்வீஸுக்கும் சிஸ்டம்டி ஓவர்ரைடுல ரிக்வயர்ஸ் மவுன்ட்ஸ் ஃபார்னு போட்டு இந்த பாத்தைக் குடுங்க, டிஸ்க் வராம அதுங்க ஸ்டார்ட்டே ஆகாது.

புதுவரவு

இதை இப்பவே போட்டுடறேன். கடைசியா ஒரு சந்தேகம், எங்க வீட்ல மேக் இருக்கு. பழைய மேக் டிஸ்க்ல இருந்து ஆர்சிங்க் பண்ணா தமிழ்ப் பேர் ஃபோல்டர் சிலது ரெண்டு ரெண்டா வருது, பேர் ஒரே மாதிரி இருக்கு, ஒரு எழுத்து கூட வித்தியாசம் இல்ல.

யுனிகோடன்

அந்தப் பேர்ல கொ, கோ, கௌ மாதிரி ஏதாவது இருக்கா பாருங்க. பழைய மேக்கோட எச்எஃப்எஸ் ப்ளஸ் டிஸ்க் பேரைப் பிரிச்சு எழுதி வைக்கும், கொம்பு தனி, கால் தனி. லினக்ஸ்ல, விண்டோஸ்ல டைப் பண்ணா ரெண்டும் சேர்ந்த ஒரே குறியா போகும். கண்ணுக்கு ஒன்னு, எக்ஸ்ட்4-க்கு பைட் வேற அதனால பேரே வேற. மேக்ல இருந்து ஆர்சிங்க் ஓட்டும்போது ஐகான்வ் ஆப்ஷன்ல யுடிஎஃப்-8-மேக், கமா, யுடிஎஃப்-8னு குடுங்க, மேக்ல இருக்குற பழைய ஆர்சிங்க்ல அந்த ஆப்ஷன் வேலை செய்யலைன்னா புது வெர்ஷன் போட்டுக்கோங்க. ஏற்கனவே வந்ததுக்கு கான்வ்எம்வின்னு ஒரு டூல் இருக்கு, என்எஃப்சி (சேர்ந்த குறியா எழுதுற முறை)ன்னு குடுத்து முதல்ல அப்படியே ஓட்டுங்க, எதை மாத்தப்போறேன்னு மட்டும் காட்டும், சரியா இருந்தா நோடெஸ்ட் சேர்த்து மறுபடி ஓட்டுங்க. ரெண்டா இருக்குற ஃபோல்டரை மட்டும் அதுக்கு முன்னாடி கையால ஒன்னா சேர்த்துடுங்க, அதே பேர் ஏற்கனவே இருந்தா அது மாத்தாம விட்டுடும்.

புதுவரவு

"கோடை விடுமுறை"ன்னு தான் இருந்துச்சு, ரெண்டையும் சேர்த்துட்டு கான்வ்எம்வி ஓட்டினேன், சரியாயிடுச்சு. நன்றி.